கண்ணாடியில் வழிந்த பெயர்கள்

நிலோஃபரிடம் எடிட்டிங் படித்தவர்கள் ஒன்றைச் சொல்வார்கள். அவர் திட்டமாட்டார், பாடமும் நடத்தமாட்டார். எதையாவது செய்துவிட்டு வரச் சொல்வார். செய்துவிட்டு வந்தால் நமக்கே வெட்கமாக இருக்கும். அப்படி வெட்கப்பட்டவர்கள்தான் இன்றைக்கும் அவரைக் கொண்டாடுகிறார்கள்.

சேந்தன் அவர் சொல்லிக்கொடுக்கும் திரைப்படக் கல்லூரியில் கடைசி வருட மாணவன். பத்து நிமிடக் குறும்படம் ஒன்றை எடுத்திருந்தான். மழை நாளில் பஸ்ஸில் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் கதை. படம் முடிந்தும், வேலை செய்தவர்களின் பெயர்கள் வரும் டைட்டில் முடியவில்லை. நல்ல டைட்டில் என்று யார் எதைச் சொன்னாலும் தேடிப் பிடித்துப் பார்த்தான். நிறுத்தி நிறுத்தி, ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்தான். சாப்பாட்டு நேரத்தில் ஆளைக் காணோமென்று மெஸ்காரரே அறைக்குத் தேடிக்கொண்டு வந்தார்.

கடைசியில் ஒருவழியாகச் செய்து முடித்தான். பஸ் ஜன்னல் கண்ணாடியில் மழைத்துளிகள் ஓடும். துளிகள் ஒன்றுகூடி ஒரு பெயராகும். பெயர் கூடிய கணத்திலேயே வழிந்து அடுத்த பெயராகிவிடும். பொய் சொல்லக்கூடாது, அவ்வளவு அழகு. நிலோஃபரே மறுபடி போடச் சொல்லிப் பார்த்தார்.

“குறை ஏதாவது இருக்கா மேம்?”

“ரொம்ப அழகா இருக்கு. கண்ணை எடுக்க முடியல.”

“அப்ப இதையே வச்சிடலாமா?”

“நாளைக்கு ட்ரையல் போடறப்போ உன் ஆளுங்களை வரச் சொல்லு. நீ மட்டும் திரையைப் பாக்காதே. திரைக்கு முதுகைக் காட்டி உக்காந்து அவங்களைப் பாரு.”

மறுநாள் கேமரா செய்தவன், நடித்தவள், செட் போட்டவன் எல்லோரும் வந்தார்கள். ஒலிப்பதிவு செய்த பொற்கொடியும் வந்தாள். அவள் இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டுவிட்டு இங்கே வந்து சேர்ந்தவள். அன்றிலிருந்து அவள் அப்பா அவளோடு பேசுவதில்லை. சனிக்கிழமை கல்லூரியில் நடக்கும் திரையிடலுக்கு அவரை வரச் சம்மதிக்க வைப்பதற்குள் அவள் அம்மாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. “திரையில அவ பேர் வர்றதையாவது பாத்துட்டு வந்திடலாம்” என்று கெஞ்சித்தான் சம்மதிக்க வைத்தாராம்.

விளக்கு அணைந்தது. சேந்தன் முகங்களைப் பார்த்தான். முதலில் எல்லா முகத்திலும் வியப்பு. அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு கண்கள் அலையத் தொடங்கின. ஒவ்வொருவரும் எதையோ தேடினார்கள். பொற்கொடி இருக்கையின் நுனிக்கே வந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் பழையபடி சாய்ந்து உட்கார்ந்தாள்.

விளக்கு எரிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். மனதாரத்தான் தட்டினார்கள்.

“செமடா சேந்தா! பின்னிட்டே!”

பொற்கொடியும் தட்டினாள். தட்டிக்கொண்டே பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டாள்.

“என் பேர் வந்துச்சா?”

“வந்திருக்கும்ப்பா. என் பேரையே நான் பாக்கல” என்றான் கேமரா செய்தவன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

சேந்தன் வெளியே வந்து நிலோஃபரிடம் கேட்டான். “மேம், ஒரு பேர் எவ்வளவு நேரம் நிக்கணும்?”

“பொற்கொடியோட அப்பா எப்படிப் படிப்பாரு?”

அது அவனுக்குத் தெரியாது. பொற்கொடியிடமே போய்க் கேட்டான்.

“எங்கப்பாவா? எழுத்துக்கூட்டித்தான் படிப்பாரு. அவர் போர்டைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள பஸ் போயிரும். ஏன் கேக்கறே?”

அவன் நேரே எடிட்டிங் அறைக்குப் போய்விட்டான்.

மழையை அவன் விடவில்லை, கண்ணாடியையும் விடவில்லை. ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டு எழுத்துக்கூட்டிப் படித்தான். படித்து முடிக்கும்வரை துளிகளை நிறுத்தி வைத்தான். டைட்டில் நீண்டது. படம் பத்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்பது கல்லூரி விதி. பாலத்தின் மேல் பஸ் போகும் ஷாட் ஒன்று அவனுக்கு உயிர். வேறு வழியில்லாமல் அதை வெட்டினான்.

சனிக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. பொற்கொடியின் அப்பா, எந்நேரத்திலும் எழுந்து போய்விடுகிறவர் மாதிரி நடைபாதையை ஒட்டி உட்கார்ந்திருந்தார். லாரி ஷெட் வைத்திருப்பவர். சேந்தன் இந்த முறை யாரும் சொல்லாமலே திரையின் ஓரமாக, கூட்டத்தைப் பார்த்து நின்றுகொண்டான்.

துளிகள் கூடின. அவர் உதடுகள் அசைந்தன.

“ஒலிப்… பதிவு. பொற்… கொடி… தணி… கா… சலம்.”

சட்டென்று மனைவியின் கையைப் பிடித்தார்.

“இவளே, எம் பேரையும் போட்டிருக்கு!”

அரங்கம் முழுக்கக் கேட்டது. சிலர் சிரித்தார்கள். பின்வரிசையில் பொற்கொடி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

படம் முடிந்ததும் தணிகாசலம் மகளிடம் வந்தார்.

“அந்த மழைச் சத்தம் நீ புடிச்சதா?”

“ஆமாம்ப்பா. நம்ம ஷெட்டுத் தகரத்துலதான். நீங்க இல்லாதப்போ வந்தேன்.”

“நான் இருக்கும்போதே வர்றது” என்றார் அவர்.

விருந்தினர் ஒருவர், டைட்டில் கொஞ்சம் நீளம் என்று சொல்லிவிட்டுப் போனார். சேந்தனுக்கு அது காதிலேயே விழவில்லை. நிலோஃபரைத் தேடிப் போனான்.

“மேம், அப்ப நான் அத்தனை டைட்டிலைப் பாத்ததெல்லாம் வீண்தானா?”

“யார் சொன்னது? ஒவ்வொண்ணும் எவ்வளவு அழகு! நானே அலுக்காமப் பாப்பேன். இந்த மழைக் கண்ணாடி யோசனை எதைப் பாத்து வந்துச்சு?”

சேந்தன் ஒரு படத்தைச் சொன்னான். அதன் இயக்குநரைச் சொன்னான், ஒளிப்பதிவாளரைச் சொன்னான். எந்த லென்ஸ், எந்த நிறம், இசை எந்த இடத்தில் எழும்பும் என்று ரசித்து ரசித்துச் சொன்னான். நிலோஃபரும் ரசித்துக் கேட்டார்.

“அந்த டைட்டிலைச் செஞ்சது யாரு?”

சேந்தன் வாயைத் திறந்தான். ஒரு பெயரும் வரவில்லை.

“எத்தனை தடவை பாத்திருப்பே?”

“கணக்கே இல்ல மேம். ஃபிரேம் ஃபிரேமா நிறுத்தி…”

“அவர் பேரும் அதுலதான் வந்துச்சு, சேந்தா” என்றார் நிலோஃபர்.