யானைக்கு ஒரு பாட்டில் குறைகிறது

"அம்மா, அந்தப் பொடிசுங்க என் மானத்தை வாங்கிடுச்சுங்க!"

மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க வந்து நின்றார் திருமேனி.

ஆற்றங்கரை மடத்தில் குரு பூங்கோதைக்கு வயது முப்பத்தைந்து. சீடர் திருமேனிக்கு அறுபது. உத்தியோகம் முடிந்து ஞானம் தேடி வந்த மனுஷனை, "முதல்ல பாலர் வகுப்பைப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார் குரு. எல்லாம் ஐந்து வயது வாண்டுகள். ஞானமாவது ஒன்றாவது!

குரு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "என்ன ஆச்சு ஐயா?"

"பிளாஸ்டிக் குப்பையைக் குறைக்கணும்னு பாடம். வாயால சொன்னா ஏறாதே, கையால செய்யட்டும்னு நினைச்சேன். காலி பாட்டில் கொண்டு வாங்க, யானை செய்வோம்னேன். அதிகமாக் கொண்டு வந்தா லட்டுன்னேன்."

"கொண்டு வந்தாங்களா?"

"வந்தாங்களாவா! ஒரே வாரத்துல தெருவெல்லாம் துடைச்சு வெச்ச மாதிரி ஆயிடுச்சு!" இதைச் சொல்லும்போது மட்டும் அவருக்கு முகமெல்லாம் பல்.

"அப்புறம்?"

பல் மறைந்தது.

"காலி பாட்டில் தீர்ந்துபோச்சு. இப்ப காலி பண்றாங்க."

குரு அடுத்த கீரைக்கட்டைப் பிரித்தார்.

"செவ்வந்தி அவங்கம்மா ஷாம்பூ முழுசையும் எருமைக்குத் தேய்ச்சுட்டா. எழிலன் ஒரு பாட்டில் நல்லெண்ணெயைக் கோழிக்குழம்புல கவுத்துட்டான். பெத்தவங்க எல்லாம் வாசல்ல நிக்கறாங்க. நாளையிலேருந்து பிள்ளைகளை அனுப்ப மாட்டாங்களாம். அதுங்க இல்லாம எனக்கு இங்க என்ன இருக்கு அம்மா?"

பாவம், குரல் உடைந்துவிட்டது.

"யானை எப்படி இருக்கு?" என்றார் குரு.

"அட்டகாசமா வந்திருக்கு! தும்பிக்கை நுனிக்கு ஒரே ஒரு பாட்டில்தான் குறையுது. அது மட்டும் கிடைச்சுட்டா..."

குரு எழுந்தார். திருமேனியின் தோள்பைக்குள் கைவிட்டு மூட்டுவலித் தைல பாட்டிலை எடுத்தார். தூரத்து வைத்தியரிடமிருந்து வரவழைத்து, சொட்டுச் சொட்டாகத் தடவி வருகிற தைலம். மூடியைத் திருகினார். வாழை மரத்தடியில் குடகுடவென்று கவிழ்த்தார்.

"ஐயையோ அம்மா! உள்ளே தைலம்!"

"இருக்கட்டும் ஐயா. உங்களுக்கு பாட்டில்தானே வேணும்?"

காலி பாட்டிலை அவர் கையில் வைத்துவிட்டு, குரு கீரைக்குத் திரும்பினார்.

திருமேனிக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. நேரே வாசலுக்குப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார்.

"பிள்ளைங்க மேல தப்பில்லை. லட்டு ஆசை காட்டினது நான்தான். அடிக்கறதா இருந்தா என்னை அடிங்க."

அறுபது வயசு ஆளை யார் அடிப்பது? எழிலனின் அப்பா தொண்டையைக் கனைத்தார்.

"நாளைக்கு ஒரு நாள் அனுப்பறோம். வீட்டைவிட்டு இன்னொரு பாட்டில் வெளிய போச்சு, அவ்வளவுதான்."

மறுநாள் வகுப்பில் திருமேனி அறிவித்தார்: "இனிமே பாட்டிலே கொண்டு வராதவங்களுக்குத்தான் லட்டு."

எழிலன் எழுந்தான். "ஐயா, இங்கேருந்து வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா?"

"எதுக்குடா?"

"எங்க வீட்டு எண்ணெய் பாட்டில் யானை கால்ல இருக்கு. அது இருந்தா அம்மா செக்குல போய் ரொப்பிக்குவாங்க. இல்லைன்னா புதுசுதான் வாங்கணும்."

திருமேனி யானையைப் பார்த்தார். எத்தனை ஆசையாகக் கட்டிய யானை!

"ரெண்டு லட்டு" என்றார்.

அவ்வளவுதான். பொடிசுகள் பாய்ந்தன. முன்னங்கால் போனது, யானை குப்புற விழுந்தது.

"மெதுவா, மெதுவா! மூடியெல்லாம் உடைஞ்சுடும்டா! தும்பிக்கையை நானே கழட்டித் தர்றேன்" என்று ஓடினார் திருமேனி.