அசையாத படகு

தங்கையா சார் கேட்ட கேள்விக்கு ஆமாம், இல்லை என்ற இரண்டில் ஒன்றைச் சொன்னால் போதும். அமலி டீச்சர் இரண்டையும் சொல்லவில்லை.

அந்தமான் கடலில் உள்ள அந்தச் சின்னத் தீவின் பள்ளிக்கூடத்துக்கு சார்தான் தலைமை ஆசிரியர். குன்றின் மேல் நிலத்தின் நகர்வை அளக்கும் கருவி ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ளத் தூத்துக்குடியிலிருந்து வந்தவர் அமலி டீச்சர். மாலையில் ஆசிரியர்களுக்குச் சுற்றுச்சூழல் அறிவியல் வகுப்பும் எடுத்தார். வகுப்பில் எல்லாரிலும் மூத்த மாணவர் சார். டீச்சரைவிடவே பதினைந்து வயது மூத்தவர். ஆனாலும் முதல் பெஞ்சில்தான் உட்காருவார். டீச்சரின் சீடன் என்று ஊரில் சொல்லிக்கொள்ள அவருக்குக் கூச்சமே இல்லை.

அன்று இருவரும் கடற்கரையை ஒட்டிய சமதரையில் நின்றார்கள். புதுப் பள்ளிக்கூடத்துக்காக ஊர் பார்த்து வைத்திருந்த இடம் அது.

“கீழே கட்டலாமா, கூடாதா? ஜெபமணி இப்ப வந்திருவார். நான் பதில் சொல்லியாகணும்” என்றார் சார்.

ஜெபமணி கட்டடக் குழுத் தலைவர். பழைய பள்ளிக்கூடம் குன்றின் மேல் இருக்கிறது. பாதை செங்குத்து. போன மழையில் அவருடைய பேத்தி ஷைனி அங்கே வழுக்கி விழுந்து கால் முறிந்துபோனாள். இன்னும் விந்தித்தான் நடக்கிறாள். தலைமை ஆசிரியர் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்கே அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிவிடுவார்கள்.

“நீங்க என்ன நினைக்கிறீங்க சார்?”

“நிலம் அடங்கிருச்சு டீச்சர். அந்தச் சுனாமிக்கு அப்புறம் இங்க ஒரு சின்ன ஆட்டம்கூட இல்ல. வடக்குத் தீவுல மாசம் தவறாம அடுக்குல இருக்கிற பாத்திரம் உருளுதாம். நமக்கு அந்தத் தொல்லையே இல்ல.”

“பூமிக்கடியில என்ன நடக்குது?”

சார் ஒப்பித்தார். “மேற்கே இருந்து இந்தியத் தட்டு வருது. நம்ம தீவு உட்கார்ந்திருக்கிற தட்டுக்கு அடியில நுழையுது. வருஷத்துக்கு நம்ம நகம் வளர்ற அளவு. ரெண்டும் உரசி ஒட்டிக்கிட்டா, கீழ போறது மேல இருக்கிறதையும் சேர்த்து இழுக்கும்.”

“கருவி என்ன காட்டுது?”

“தீவு மெல்ல நகருதுன்னு காட்டுது.”

“ஆடுதா?”

“ஆடல! அதைத்தானே நானும் சொல்றேன்.”

தேர்வில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் சாருக்குத்தான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்!

“குன்றுப் பாதைக்குப் படி கட்டலாமே” என்றார் டீச்சர்.

“கட்டடத்துக்குத்தான் அனுமதி வந்திருக்கு. படிக்கு மறுபடி முதல்ல இருந்து அலையணும். அதுவரைக்கும் மழை காத்திருக்குமா?” சாருக்குக் குரல் உயர்ந்துவிட்டது. “வருமோ வராதோ தெரியாத ஒண்ணுக்குப் பயந்துக்கிட்டு, தினம் தினம் பிள்ளைங்க விழுறதைப் பார்த்துக்கிட்டு நிக்கச் சொல்றீங்களா?”

கேள்வி நியாயமானதுதான். டீச்சர் தலையை மட்டும் ஆட்டினார். சாருக்குக் கோபம் இன்னும் ஏறியது.

அப்போது கரையில் ஒரு பெரிய படகை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மழைக்காலம் தொடங்குமுன் படகுகளை மேட்டுக்கு இழுத்துவிடுவது வழக்கம். ஊரே கூடி வடம் பிடிக்கும். வடம் விறைக்கத் தொடங்கியதும் முன்னால் நிற்பவர் “வடம்! வடம்!” என்று கத்துவார். அந்தச் சத்தம் கேட்டால் வேடிக்கை பார்ப்பவர்கள் எல்லாரும் தூரப் போய்விட வேண்டும். அந்த ஊரில் அதைக் கேட்காதவன் கிடையாது.

அன்று வடம் பிடிக்க ஆள் போதவில்லை. புதுப் பள்ளிக்கூடத்துக்குச் செங்கல் கொண்டுவந்த டிராக்டரில் வடத்தைக் கட்டியிருந்தார்கள். ஓட்டுநர் தீவுக்குப் புதியவர். கத்த வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. மற்றவர்கள் படகின் பின்னால் தோள் கொடுத்துக்கொண்டு இருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் நடப்பது தெரியவில்லை.

மணலில் கிடந்த வடம் மெதுவாக எழுந்தது. முழங்கால் உயரத்துக்கு வந்து நேராக நின்றது. டிராக்டர் உறுமியது. படகு அசையவில்லை.

பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் நாலைந்து பேர் வடத்தின் அருகே போனார்கள். ஷைனி அதன்மேல் கையை வைத்தாள்.

“ஏ, இது பாடுது! தொட்டுப் பாருங்களேன்” என்றாள்.

மற்றவர்களும் கையை வைத்தார்கள். முறுக்கின் இடுக்கிலிருந்து கடல் தண்ணீர் பிழிந்து சொட்டியது.

சார் பார்த்துவிட்டார். பேசிக்கொண்டிருந்த பேச்சு பாதியில் நின்றது. செருப்பை உதறிவிட்டு ஓடினார்.

“தள்ளுங்க! பிள்ளைகளா, தள்ளிப் போங்க!”

“ஒண்ணும் ஆகல சார். படகு அசையவே இல்ல” என்றான் ஒருவன்.

“அசையலைன்னா இழுக்கலைன்னு அர்த்தமாடா? ஓடு!”

சார் இப்படிக் கத்தி அவர்கள் கேட்டதே இல்லை. பிள்ளைகள் சிதறி ஓடினார்கள். ஷைனியால் ஓட முடியவில்லை. இரண்டு எட்டு வைத்ததும் கால் மணலில் புதைந்து சாய்ந்தாள். வடத்தின் முனகல் கீச்சென்று ஏறியது. சார் அவள் கையைப் பிடித்து இழுத்தார். இருவரும் பக்கவாட்டில் உருண்டு விழுந்தார்கள்.

வெடிச் சத்தம் போல ஒன்று கேட்டது.

வடம் அறுந்து, ஒரு முனை திரும்பி வீசியது. பிள்ளைகள் போட்டுவிட்டு ஓடிய பிளாஸ்டிக் கூடை இரண்டாகிப் பறந்தது. ஷைனி நின்ற இடத்தில் மணல் நீளமாகக் கிழிந்து கிடந்தது. டிராக்டர் தாவிப் போய் வேலியில் முட்டி நின்றது.

டீச்சரும் ஓடித்தான் வந்திருந்தார். ஷைனியின் தலை, தோள், கால் எல்லாம் தடவிப் பார்த்தார். அடி எதுவும் இல்லை. சார் மணலிலேயே உட்கார்ந்திருந்தார், மூச்சு வாங்கியது.

ஜெபமணி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பேத்தியைப் பார்த்தார், கிழிந்த மணலைப் பார்த்தார். ஓட்டுநரை வாயில் வந்தபடி ஏசினார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு டீச்சர் பக்கம் திரும்பினார்.

“பார்த்தீங்களாம்மா? கால் நல்லா இருந்தா எம்பிள்ளையும் மத்ததுக மாதிரி ஓடியிருக்கும். எல்லாம் அந்தக் குன்றுப் பாதையால வந்த வினை. இனிமே ஒரு பிள்ளைகூட அதுல ஏறக் கூடாது. கீழதான் கட்டப் போறோம்.”

டீச்சர் ஷைனியின் காலில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டார்.

“அலை வரும், நிலம் ஆடும்னு பாடம் நடத்துறீங்க. நான் வேண்டாங்கல. எந்த வருஷம் வரும்? அதை மட்டும் சொல்லுங்க, நாங்க மேலேயே இருந்துக்கறோம். சொல்ல முடியுமா?”

“முடியாது.”

“சொல்ல முடியலைன்னா தயவு செஞ்சு குறுக்க நிக்காதீங்க.” ஜெபமணி சாரைப் பார்த்தார். “சார், படிச்ச மனுஷன் நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க. எப்ப வரும்னே தெரியாத ஒண்ணுக்கு எதுக்கு ஓடணும்?”

சார் டீச்சரைப் பார்த்தார். இப்போதாவது ஆமாம், இல்லை என்று ஒன்றைச் சொல்லித் தன்னைக் காப்பாற்ற மாட்டாரா என்று இருந்தது அந்தப் பார்வை.

டீச்சர் சாரிடம் கேட்டார்: “வடம் எந்த நிமிஷம் அறும்னு தெரிஞ்சுக்கிட்டா சார் ஓடுனீங்க?”

சார் குனிந்து பார்த்தார். ஷைனியின் கை இன்னும் அவர் பிடியில்தான் இருந்தது.