துடைத்தபோது வந்த நிறம்

கோயம்புத்தூர் பக்கத்துத் துப்பாக்கி சுடும் கிளப்பில், ஈயக் குண்டுகளுக்குப் பவுடர் பெயிண்ட் பூசிச் சூட்டடுப்பில் வைத்து எடுப்பவள் பிலோமினா. பூச்சு இருந்தால் துப்பாக்கிக் குழலுக்குள் ஈயம் ஒட்டாது என்று அவள்தான் அந்த வேலையைத் தொடங்கினாள்.

போட்டியில் தோற்று வந்த கிளப் தலைவர் தனபாலன், எல்லார் முன்னாலும் ரைஃபிளை மேசைமேல் வைத்தார்.

"உன் பெயிண்ட் ஒட்டிக் குழலே நாசமாப் போச்சு. இல்லைன்னு நிரூபி. முடியலைன்னா இன்னிக்கே கிளம்பு!"

பிலோமினா பணிவாகக் கேட்டாள்.

"ஐயோ! அந்தச் சிவப்பு பெயிண்ட் ரொம்ப ஒட்டிக்கிச்சா சார்?"

"ரொம்பவா? துடைக்கத் துடைக்கச் சிவப்பாவே வந்துச்சு!"

"உங்களுக்குக் கொடுத்தது எல்லாமே பச்சை சார்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. செயலாளர் தலைவரின் பையைத் திறந்து பார்த்தார். டப்பா நிறையப் பச்சைக் குண்டுகள் தொடாமல் கிடந்தன. குழலுக்குள் வெள்ளைத் துணியை விட்டு இழுத்தார். வந்தது வெறும் ஈயக் கறை. பூச்சில்லாத குண்டைச் சுட்டுத்தான் மனிதர் குழலைக் கெடுத்திருந்தார்.

தனபாலன் தொண்டையைச் செருமினார். "இதைச் சுத்தம் பண்ண முடியுமாம்மா?"

"முடியும் சார்" என்று ரைஃபிளைக் கையில் எடுத்தாள் பிலோமினா.

அடுத்த போட்டிக்குக் கிளப்பே அவள் பூசிய குண்டுகளோடு கிளம்பியது. தலைவரும்தான்.