இலை போட்ட பிறகு

“லைப்ரரி வந்துட்டுதான்னு கேட்டேன், வந்துட்டுன்னுச்சு. வேலை தெரியுமான்னு கேட்டேன், தெரியும்னுச்சு. நேரம் பாத்து ப்ரோகிராம் செத்து விழுந்தா அதுக்கு நான் என்ன செய்யட்டும்?”

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இதைத்தான் சொன்னார் கர்டோசா. மாடி ஏறி மூச்சு வாங்கியபோதும் இதையேதான் சொன்னார். ஒரு சொல் மாறவில்லை. வழியெல்லாம் பாடம் செய்துகொண்டே வந்திருப்பார் போல.

“மூணாவது தடவையும் சொல்லிருங்க, மனசு ஆறும்” என்றார் எமரென்சியா டீச்சர்.

கர்டோசா கப்பலில் மின்சார வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல், கம்ப்யூட்டர் ப்ரோகிராம் எழுதும் சி மொழி படிக்க டீச்சரிடம் வந்தார். டீச்சர் அவரைவிடப் பத்து வயது இளையவர். அவர் இவரை டீச்சர் என்பார். இவர் அவரை அண்ணாச்சி என்பார். அதில் இருவருக்கும் ஒரு கூச்சமும் இல்லை. தெருவில் உள்ளவர்களுக்குத்தான் இருந்தது.

படித்து முடித்தபின் கர்டோசா எழுதிய முதல் பெரிய ப்ரோகிராம், துறைமுகத்துக்குப் பக்கத்து ஐஸ் கம்பெனிக்கு. அந்த ப்ரோகிராம் ஓடினால்தான் அங்கே கம்ப்ரசர் ஓடும். குளிரூட்டும் அம்மோனியா வாயு கசிந்தால் அதுதான் சைரனை அடிக்க வேண்டும்.

நேற்று கசிந்தது. சைரன் அடிக்கவில்லை. அடிக்க வேண்டிய அந்த நொடியில் ப்ரோகிராமே நின்றுபோனது. உள்ளே வேலையில் இருந்த லெயோன் நாற்றம் பிடித்து வெளியே ஓடி வந்தான். கண் இரண்டும் வீங்கிவிட்டன. உயிர் இருக்கிறது.

“அவன் எப்படி இருக்கான்?”

“கண்ணுக்கு மருந்து விட்டிருக்கு. இன்னைக்குச் சாயந்திரம் திரும்ப உள்ள போணும்.”

“யாரு சொன்னா?”

“முதலாளிதான். போட்டெல்லாம் ஐஸுக்கு நிக்கி. கசிஞ்ச வால்வை மாத்திட்டாங்க. பிளாண்ட் ஓடியாகணும்.”

“சைரன்?”

“அதுக்குத்தான் வந்தேன்.”

ஒரு ப்ரோகிராம் எல்லா வேலையையும் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டியதில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளியிலிருந்து ஒரு லைப்ரரியை அழைத்து, அதில் இருக்கும் ஃபங்ஷனை, அதாவது ஒரு வேலைக்கான கட்டளைத் தொகுப்பை, கொண்டு வேலை வாங்கலாம். சைரன் பெட்டியை மாற்றினால் சைரன் லைப்ரரியை மட்டும் மாற்றினால் போதும். மற்றதைத் தொட வேண்டாம். நல்ல வசதிதான். வீட்டு வேலைக்கு ஆள் வைத்துப் பார்த்தவர்களுக்கு இதன் மறுபக்கமும் தெரியும்.

“டிஎல்ஓப்பன் என்ன குடுத்துச்சு?” என்றார் டீச்சர். லைப்ரரியை அழைக்கிற கட்டளை அது.

“ஒழுங்காக் குடுத்துச்சு. வெறுங்கையா வரல. அதைப் பாத்துட்டுத்தான் அடுத்த வரிக்கே போயிருக்கேன்.”

“டிஎல்சிம்?” இது லைப்ரரிக்குள் ஃபங்ஷன் எங்கே இருக்கிறது என்று கேட்பது.

“இருக்கிற இடத்தைச் சொல்லுச்சு. அதையும் பாத்துட்டேன். நீங்க சொல்லிக் குடுத்தபடி ஒவ்வொரு வாசல்லயும் நின்னு பாத்திருக்கேன், டீச்சர்.”

“அப்போ தப்பு என் மேல.”

“நான் அப்படிச் சொல்லல.”

“சொல்லுங்க, பரவாயில்ல. சாப்பிட்டாச்சா?”

“இல்ல. காலைலருந்து ஒண்ணும் இறங்கல.”

“உக்காருங்க, அப்போ.”

டீச்சர் இலை போட்டார். தண்ணீர் வைத்தார். கர்டோசா இலையைத் தெளித்துத் துடைத்தார். ஓரத்தில் உப்பு வந்தது. எலுமிச்சை ஊறுகாய் வந்தது. டீச்சர் வீட்டுச் சாளைக் குழம்பைப் பற்றி அவருக்குத் தெரியும். சம்மணம் போட்டு, வலதுகைச் சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டார்.

“மீன் இருக்குல்லா?”

“இருக்கு. காலைல வாங்குனது.”

“சோறு?”

“அரிசி களைஞ்சு வச்சிருக்கேன்.”

டீச்சர் அடுப்படிக்குள் போனார். லைட்டர் சத்தம் கேட்டது. டக். டக். மறுபடி டக். பிறகு ஒரு சத்தமும் இல்லை.

லைட்டரைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தார்.

“சிலிண்டர் தீந்துட்டு.”

கர்டோசா இலையைப் பார்த்தார். உப்பைப் பார்த்தார்.

“வேற சிலிண்டர் இல்லையா?”

“இல்ல.”

“இலை போடுததுக்கு முந்தியே இதைப் பாத்திருக்கக் கூடாதா, டீச்சர்?”

“பாத்தேனே. அடுப்பு இருக்கான்னு பாத்தேன், இருந்துச்சு. சட்டி இருந்துச்சு. மீன் இருந்துச்சு. சமைக்கத் தெரிஞ்ச நானும் இருந்தேன்.”

“அதெல்லாம் இருந்து என்ன? கேஸ் இல்லாம எப்படி?”

“கேஸ் பத்த வைக்கும்போதுதானே வேணும்?”

கர்டோசாவுக்குப் பசி. பசியில் மனிதனுக்கு மரியாதை கொஞ்சம் பின்னால்தான் வரும்.

“காலைலயே தெரியாதா உங்களுக்கு? ஒரு டம்ளர் டீ போடும்போது தெரிஞ்சிருக்குமே?”

“தெரியும். டீ கொதிக்கும்போதே அணைஞ்சுட்டு. சிலிண்டர்காரருக்குப் போன் பண்ணுனேன். நாளைக்குத்தான் வருமாம்.”

“தெரிஞ்சே என்னை உக்கார வச்சீங்களா?”

“நீங்க பசின்னு வந்தீங்க. இல்லன்னு சொன்னா மூஞ்சி வாடிப்போகும். இலையைப் போட்டேன். போட்டதும் மூஞ்சி நல்லா மலர்ந்துச்சுல்லா?”



கீழே தெருவில் யாரோ கோலப்பொடி விற்றுக்கொண்டு போனார்கள். கர்டோசா சுருட்டிய சட்டைக் கையை இறக்கிவிட்டார்.

“எனக்கும் சொல்லுச்சு, டீச்சர்” என்றார்.

“எது?”

“ப்ரோகிராம். திறப்பு விழா அன்னைக்கு.”

டீச்சர் எதிரில் உட்கார்ந்தார்.

“ஃபாதர் வந்து கம்ப்யூட்டருக்குத் தீர்த்தம் தெளிச்சுட்டு நிக்காரு. முதலாளி வீட்டம்மா கையில கேக்கு. நான் பட்டனைத் தட்டுதேன், ஓடமாட்டேன்னுட்டு. சிவப்புல ஒரு வரி வந்துச்சு. எல்லாரும் என் முதுகையே பாக்காங்க.”

“வரியைப் படிச்சீங்களா?”

“படிக்கல. ஒரு சொல்லை மாத்துனேன். உடனே ஓடிச்சு. கை தட்டுனாங்க. முதல் துண்டு கேக்கை எனக்குத்தான் ஊட்டுனாங்க.”

“எந்தச் சொல்லு?”

“நவ்ங்கிறதை லேசின்னு மாத்துனேன்.”

லைப்ரரியை இரண்டு விதமாக அழைக்கலாம். ‘நவ்’ என்றால், உன் வேலைக்கு என்னென்ன வேண்டுமோ எல்லாம் இருக்கிறதா என்று அப்போதே பார்த்துச் சொல்ல வேண்டும். ஒன்று குறைந்தாலும் வாசலோடு திரும்பிவிட வேண்டும். ‘லேசி’ என்றால், முதலில் உள்ளே வா, ஒவ்வொரு ஃபங்ஷனையும் தேவைப்படும்போது தேடிக்கொள்ளலாம். சோம்பேறி என்று பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இதற்குமேல் எப்படி எச்சரிப்பது?

கர்டோசா இலையை ஒரு பக்கமாகத் தள்ளினார். பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து அந்த இடத்தில் வைத்தார். லேசியை அழித்தார். நவ் என்று போட்டார். ஓடும் வடிவமாகக் கம்பைல் செய்து ஐஸ் கம்பெனிக் கம்ப்யூட்டருக்கு அனுப்பி, இங்கிருந்தே ஓட்டிப் பார்த்தார்.

ஓடவில்லை. அதே சிவப்பு வரி வந்தது.

இந்தத் தடவை படித்தார். சைரன் லைப்ரரி வந்திருந்தது. ஆனால் சைரனை அடிக்க அது, சைரனுக்கு மின்சாரம் விடும் ரிலே சுவிட்சின் லைப்ரரியில் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டும். அங்கே இருந்த ரிலே லைப்ரரி பழையது. அந்த ஃபங்ஷன் அதில் கிடையாது. என்ன இல்லை, யாருக்கு இல்லை என்று இரண்டு பெயரையும் அந்த வரி தெளிவாகச் சொல்லியிருந்தது.

“புதுசு கோயம்புத்தூர்லருந்து வரணும்” என்றார். “ரிலே போர்டு செஞ்சவங்க நாளைக்குத்தான் அனுப்புவாங்க.”

“சரி.”

“லேசின்னு போட்டா இப்பவே ஓடும்.”

“ஓடும்.”

“இன்னைக்கே மறுபடியும் கசியவா போகுது?”

டீச்சர் இலையில் இருந்த உப்பையும் ஊறுகாயையும் ஒரு தட்டில் வழித்துப் போட்டார்.

“கோவிச்சுக்காதீங்க. சும்மா கேட்டேன்.” கர்டோசா நெற்றியைத் துடைத்தார். “ஆனா முதலாளிகிட்ட ஓடாதுன்னு எப்படிச் சொல்லுவேன்? அன்னைக்கு ஓடுச்சே, இன்னைக்கு ஏன் ஓடலன்னு கேப்பாரு. நான் எழுதுன ப்ரோகிராம், டீச்சர். எழுந்திரிக்கவே மாட்டேங்குதுன்னு என் வாயாலயே சொல்லணுமா?”

“இலை முன்னாடி உக்காந்துட்டு என்கிட்ட என்ன கேட்டீங்க?”

“எதை?”

“கொஞ்சம் முந்தி. கோவமா.”

கர்டோசா யோசித்தார். “இலை போடுததுக்கு முந்தியே பாத்திருக்கக் கூடாதான்னு.”

“உங்க ப்ரோகிராம் முந்தியே பாத்துச் சொல்லிட்டு, அண்ணாச்சி.”

டீச்சர் இலையை எடுத்து, ஈரத்தைத் துடைத்து, கிழியாமல் சுருட்டி ராத்திரிக்கு வைத்தார்.

போன் அடித்தது. ஐஸ் கம்பெனி முதலாளி. கர்டோசா எடுத்த வேகத்தில் விரல் ஸ்பீக்கர் பட்டனில் பட்டுவிட்டது. அறை முழுக்க முதலாளி குரல்தான்.

“அண்ணாச்சி, என்ன பண்ணுனீங்க? இங்க திரையில சிவப்பா என்னமோ நிக்கி, கம்ப்ரசர் கிளம்பல. லெயோன் கண்ணுல துணியைக் கட்டிக்கிட்டு வந்துட்டான், கதவுகிட்டதான் நிக்கான். ஒண்ணும் புதுசா வேண்டாம் எனக்கு. முந்தி மாதிரி ஓட வச்சுக் குடுங்க.”

கர்டோசா, லேசி என்று மறுபடி அடிக்காமல், விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“ஹலோ? அண்ணாச்சி, கேக்குதா? முந்தி மாதிரி ஓடுனாப் போதும்.”