சத்தம் போட்ட சுட்ட வில்லை

ஒரு ஊருல வெள்ளத்தாயி வெள்ளத்தாயின்னு ஒருத்தி இருந்தா. அந்த ஊரு ராசாவுக்கு எண்ணெய்ப் பலகாரம்னா உசுரு. காலையில அதிரசம், மத்தியானம் வடை, சாயங்காலம் முறுக்குன்னு தின்னு தின்னு, வயிறு ஊதி முரசு மாதிரி ஆகிப்போச்சு. வைத்தியர் வந்து, "இனிமே எண்ணெய்ச் சட்டியக் கண்ணால கூடப் பாக்கக்கூடாது"ன்னுட்டார். ராசா அழுதார். ஆமா, ராசான்னா அழமாட்டாரா?

வெள்ளத்தாயி அதைக் கேள்விப்பட்டா. தன் புள்ளைங்களுக்கு அவ ஒரு தீனி பண்ணுவா. கோதுமை மாவுல எள்ளு, ஓமம், உப்பு, துளி நெய் போட்டுப் பிசைஞ்சு, மெலிசா தேச்சு, சதுரமா வெட்டி, உப்பாம இருக்க முள்ளால குத்தி, மண்சட்டிக்குள்ள அடுக்கி, மூடிமேல தணலைக் கொட்டிச் சுட்டு எடுப்பா. சுட்ட வில்லைன்னு பேரு. அதுல ஒரு சட்டி கொண்டுபோனா. ராசா தின்னார், வயிறு ஒண்ணும் சொல்லல. "தினமும் கொண்டா தாயி"ன்னுட்டார்.

ஆனா அரமனையில ஒரு வழக்கம். ராசா திங்கிறது எதுவானாலும் மடப்பள்ளி அதிகாரி குப்பாண்டி கையாலதான் உள்ள போகணும். அவன் சட்டிய வாங்கினான், இடைவழியில நின்னான், பாதிய முழுங்கினான்.

"என்ன தாயி, பாதிச் சட்டிதான் இருக்கு?"ன்னு வெள்ளத்தாயியச் சபைக்குக் கூப்பிட்டுக் கேட்டார் ராசா.

"அவ புள்ளைங்களுக்கு எடுத்து வச்சிருப்பா ராசா"ன்னு முந்திக்கிட்டான் குப்பாண்டி.

மறுநாளு கால் சட்டிதான் போச்சு. அப்பவும் அதையே சொன்னான். அதுக்கு மறுநாளு அடியில ஒத்த வில்லைதான் கெடந்துச்சு. ராசாவுக்குப் பசி, பசியில கோவம். "நாளைக்கும் கொறைஞ்சா உன் அடுப்ப இடிச்சு, உன்னைப் புள்ளகுட்டியோட ஊரவிட்டுத் தொரத்திடுவேன்!"னு கத்திட்டார்.

பதில் பேச வாயெடுத்த வெள்ளத்தாயி குப்பாண்டியப் பாத்தா. அவன் மீசையில எள்ளு. ஒண்ணில்ல, மீசை பூராவும் எள்ளு! ஆனா அதிகாரியத் திருடன்னு சொன்னா யாரு நம்புவா? வீட்டுக்கு வந்து ஒரு மூச்சு அழுதா. அப்புறம் மூக்கச் சிந்திட்டு மாவப் பிசைஞ்சா.

இத்தனை நாளும் ராசாவுக்குப் பல்லு ஆடுதேன்னு நெய்ய ஊத்தி மெத்துனு சுட்டவ, அன்னிக்கு நெய்யக் கொறைச்சா. வெத்தலையவிட மெலிசா தேச்சா. சருகா காயுற வரைக்கும் தணல்ல விட்டா. சட்டியக் குப்பாண்டிகிட்ட குடுத்துட்டு, நேரா சபைக்கு ஓடினா.

"ராசா, என்னைத் தொரத்துறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வரம். எல்லாரும் கொஞ்ச நேரம் பேசாம இருக்கணும்."

இருந்தாங்க. ஈ பறந்தாக்கூட கேக்கும். அப்போ கதவுக்குப் பின்னாடி...

கருக்! முருக்! கருக்!

"எலியா?"ன்னார் ராசா.

"பெரிய எலி ராசா"ன்னா வெள்ளத்தாயி.

இடைவழியில நின்ன குப்பாண்டிக்கு இவ்வளவு சத்தம் வரும்னு தெரியல. மெதுவா மென்னான். க...ருக். வாய்க்குள்ளயே ஊற வச்சுப் பாத்தான், தூளு தொண்டையில போயி அடைச்சுக்கிச்சு. லொக்கு லொக்குன்னு இருமிக்கிட்டே கதவத் தள்ளிட்டு உள்ள வந்து ராசா முன்னாடி விழுந்தான்.

"வாயில என்னடா?"

"ஒண்ணுமில்ல ராசா"ன்னான். சொல்லும்போதே தூளு பொலபொலன்னு பறந்து ராசா தாடியில ஒட்டிக்கிச்சு. ராசா அதை எடுத்து வாயில போட்டுப் பாத்தார். "உன் 'ஒண்ணுமில்ல' ரொம்ப ருசியா இருக்கே!"ன்னார். சபையே சிரிச்சுச்சு, குப்பாண்டியத் தவிர.

ராசா தலையக் குனிஞ்சு, "பசியில புத்தி கெட்டுப்போச்சு, மன்னிச்சுக்க தாயி. இனிமே நீயே உள்ள வந்து குடு"ன்னார். குப்பாண்டிக்குப் பதவி போச்சு. வெள்ளத்தாயி வீட்டுல உக்காந்து திருகையில கோதுமை அரைக்கணும், குடிக்கக் கஞ்சிதான்னு தண்டனை. அவன் அரைக்க அரைக்க, அவ புள்ளைங்க சுத்தி உக்காந்து அவன் காதுகிட்டயே கருக்கு முருக்குன்னு தின்னுதுங்க.

அதான் கண்ணுகளா, திருடித் தின்னு இன்னொருத்தர்மேல பழி போடக்கூடாது. வெள்ளத்தாயி சட்டி அங்க நெறைஞ்சுச்சு, என் கதை இங்க காலியாச்சு.