அல்வா ஏன் நிற்கிறது?

"ஏனுங்க டீச்சர், இந்தக் குதிரைக்குக் கால்ல நோவா, இல்ல என்மேல ஏதாச்சும் கோவமா?"

கேட்டவள் துளசிமணி. அவள் மகள் கோபிகா குதிரைமேல் உட்கார்ந்திருந்தாள். எட்டு வயது. பிறந்ததிலிருந்தே கைகால் சொன்ன பேச்சுக் கேட்காது. பிடித்த கையை எடுத்தால் ஈரத்துணி மாதிரி ஒரு பக்கம் சரிந்துவிடுவாள்.

நடக்கவேண்டிய குதிரை நின்றுகொண்டிருந்தது.

வஹிதா டீச்சர் குதிரையின் காதைப் பார்த்தார்.

"கோவமெல்லாம் இல்லை. நல்லாக் கேக்குது."

"என்னத்தைக் கேக்குது? நடன்னா நிக்குது!"



பல்லடம் சாலையில் ஒரு கோழிப்பண்ணைக்குப் பின்னால் இருந்தது அந்த மைதானம். நடக்க முடியாத பிள்ளைகளைக் குதிரைமேல் ஏற்றிப் பழக்குவது டீச்சரின் வேலை. குதிரை நடந்தால் அதன் முதுகு அசையும். அந்த அசைவில் பிள்ளையின் இடுப்பு தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்ளப் பழகும். அதற்குக் குதிரை விடாமல் நடக்க வேண்டும்.

இந்தக் குதிரை நாலடி நடக்கும், நிற்கும்.

டீச்சரின் வீட்டுக்காரர் கயிற்றைப் பிடித்து முன்னால் நடப்பார். டீச்சர் ஒரு பக்கம், துளசிமணி ஒரு பக்கம். பயிற்சி முடிந்ததும் அவர் "ஹோ" என்பார். குதிரை நின்றுவிடும். கயிற்றை இழுக்கவே மாட்டார். அவருக்கு மட்டும் எப்படி அடங்குகிறது என்று துளசிமணிக்கு எரிச்சலாக வரும்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். யாரும் பிடிக்காமல் பெஞ்சில் உட்கார்ந்தால் சேர்த்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அன்றைக்கே கோபிகா அடம்பிடித்துப் பென்சிலைப் பையில் போடவைத்துவிட்டாள். பை கதவு ஆணியில் தொங்குகிறது.

"பேரைப் பாரு, அல்வா! எனக்கு அல்வாதான் கொடுக்குது."

கோபிகா கிளுக்கென்று சிரித்தாள். குதிரை நிற்கும்போதெல்லாம் அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு.

"உனக்கென்னடி சிரிப்பு? நிமிந்து உக்காரு!"

டீச்சர் நாக்கைச் சொடுக்கினார். அல்வா நடந்தது. கோபிகா இடது பக்கம் சாய்ந்தாள்.

"ஐயோ, விழறாளே!"

துளசிமணி இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தாள். அல்வா நின்றது.

"பாத்தீங்களா? நேரம் பாத்து நிக்குது! வேற குதிரை கொடுங்க டீச்சர்."

மறுவாரம் வெள்ளைக் குதிரை வந்தது. கோபிகா லேசாக ஆடினாள். துளசிமணி கத்தினாள். அதுவும் நின்றது.

"ஐயோ, இதுவுமா!"

கிளம்பப்போன குதிரை மறுபடியும் நின்றது.

"இதுவும் நல்லாக் கேக்குது" என்றார் டீச்சர்.

அடுத்த வாரம் மறுபடி அல்வா. துளசிமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"டீச்சர், நான் அதிகம் படிக்காதவ. எங்கிட்ட விடுகதை போடாதீங்க. ரெண்டு பஸ் மாறி இவளத் தூக்கிட்டு வர்றேன். கூடமாட ஒத்தாசைக்கு ஒரு ஆள் இல்ல. இடுப்பு கழண்டு போகுது. இவ பெஞ்சுல உக்காருவாளா, மாட்டாளா? அதை மட்டும் சொல்லுங்க."

டீச்சர் பையிலிருந்து ஒரு கருப்பட்டித் துண்டை எடுத்தார். வேலை முடிந்ததும் குதிரைக்குக் கொடுப்பது. எலுமிச்சங்காய் அளவு இருந்தது.

துளசிமணி கையை நீட்டினாள். "இதைக் கொடுத்தா நடக்குமா?"

"குதிரைக்கு இல்ல. வாயைத் திறங்க."

"எனக்கா? எனக்கெது..."

முழுத்துண்டும் உள்ளே போய்விட்டது.

"கடிக்கக்கூடாது. துப்பக்கூடாது. கரையற வரைக்கும் நடங்க."

இது என்ன கூத்து என்று கேட்கக்கூட வாயில் இடமில்லை. கன்னம் உப்பிக்கொண்டு நடந்தாள்.

பாதிச் சுற்றில் கோபிகா சாய்ந்தாள்.

துளசிமணிக்கு அடிவயிற்றிலிருந்து கூப்பாடு கிளம்பியது. தொண்டைக்கு வந்தது. கருப்பட்டியில் முட்டிக்கொண்டு மூக்கு வழியாக "ம்ம்ம்" என்று போனது.

"கை பக்கத்துல இருக்கட்டும். தொடாதீங்க" என்றார் டீச்சர்.

அல்வா நிற்கவில்லை. அடுத்த அடியை வைத்தது. முதுகு மறுபக்கம் எழுந்தது. அதோடு கோபிகாவும் எழுந்தாள். கழுத்து நிமிர்ந்தது.

யாரும் பிடிக்கவில்லை.

இன்னொரு அடி. சாய்ந்தாள், நிமிர்ந்தாள். இன்னொரு அடி.

சுற்று முடிந்து அடுத்த சுற்றும் தொடங்கிவிட்டது.

துளசிமணிக்குத் தாங்கவில்லை. வாயில் இருந்ததைக் கையில் துப்பினாள்.

"ஐயோ, என் சாமி! உக்காந்துட்டாளே!"

அல்வா நின்றது.

கயிற்றைப் பிடித்தவர் வாயே திறக்கவில்லை. அல்வாவின் ஒரு காது மட்டும் துளசிமணி பக்கம் திரும்பியிருந்தது.

அவள் அந்தக் காதைப் பார்த்தாள்.

"யோ..." என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். பிறகு, "ஹோ..."

முகம் சிவந்துவிட்டது.

"இதை மொத நாளே சொன்னா என்னங்க டீச்சர்? இத்தனை வாரம் போச்சே!"

"சொன்னேன்."

"எப்போ?"

"மொத நாளே. 'ஐயோ, அப்படிங்களா'ன்னீங்க."

துளசிமணி வாயைத் திறந்தாள். கோபிகா முந்திக்கொண்டாள். அவளுக்குப் பேச்சு ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும்.

"டீச்சர்..."

"என்ன கண்ணு?"

"அம்மாவுக்கு... இன்னொரு... துண்டு."