டவராவிலும் காப்பி

மேனேஜர் ஞானப்பிரகாசம் வாயைத் திறந்தால் கட்டளைதான் வரும்.

"சர்வர்ல இருக்கிற மெமரி மொத்தத்தையும் நம்ம அப்ளிகேஷனுக்கே ஒதுக்கு. துளிகூட காலியா கிடக்கக் கூடாது. அப்புறமும் சர்வர் படுத்துக்கிச்சுன்னா உனக்கு இங்க வேலை இல்ல!"

புதிதாகச் சேர்ந்த பூங்கோதை நேரே போய் அவருக்குக் காப்பி கொண்டுவந்தாள். டம்ளர் தளும்பியது. டவராவும் தளும்பியது.

ஆற்றிக் குடிக்க வழியில்லை. மேனேஜர் அப்படியே ஒரு வாய் உறிஞ்சினார். நாக்கு வெந்துபோனது.

"ஏம்மா, அறிவிருக்கா? டவராவையும் ரொப்பிட்டா எதுல ஆத்துறது?"

"சர்வரும் அதைத்தான் கேக்குது சார். அதோட சொந்த வேலைக்குக் கொஞ்சம் இடம் வேணுமாம்."

"சரி, கொஞ்சம் இடம் விட்டுத் தொலை!"

அதன்பின் சர்வர் படுக்கவில்லை. வெந்த நாக்கு ஆறும்வரை அந்த ஆபீசில் கட்டளையும் இல்லை.